கதண்டு உட்கார்ந்த தோள்

முதலில் சத்தம்தான் வந்தது. போன மாதம், ஒரு தோழியின் மகள் கல்யாணத்தில், பந்தலுக்கு வெளியே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே எங்கிருந்தோ ஒரு ரீங்காரம். தேனீயின் மெல்லிய சுருதிக்கு இரண்டு கட்டை கீழே, தொண்டைக்குள் தகரத்தை வைத்து யாரோ உருட்டுகிற மாதிரி. கையிலிருந்த காப்பி என்னைக் கேட்காமலே கொட்டியது. பட்டுப்புடவையோடும் ஐம்பது தாண்டிய முழங்கால்களோடும் நான் தரையில் குந்தி, கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன்.

மேலே பறந்தது ட்ரோன் கேமரா. கல்யாண வீடியோவில் நான் அப்படித்தான் இருக்கிறேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உங்களிடம் மட்டும் காரணத்தைச் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். காவிரிக்கு இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ வளர்ந்தவர்கள். தென்னை உச்சியிலிருந்து அந்தச் சத்தம் இறங்கினால் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்கள். கதண்டு என்று சொன்னால் போதும், உங்கள் பிடரியிலும் மயிர் எழும்பும். குளவியிலேயே பெரியது. கறுத்த உடம்பு, இடுப்புக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டை, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கோபம்.

எனக்குப் பத்து வயது. எண்பதுகள் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். வீடு பாலக்கரையில். தவக்காலம் என்பதால் மாதா கோயிலில் சுரூபச் சிலைகளையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். வீட்டில் கறி கிடையாது, சினிமா கிடையாது, ரேடியோவில் பாட்டுக்கூடக் கிடையாது. அந்த வெயிலும் அந்தக் கஞ்சியும் அந்த ஊதாவும் சேர்ந்து இன்றும் என் நாக்கில் ஒரே ருசியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எங்களோடு சித்தப்பா இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. விரல் நுனியில் எப்போதும் ஈயம் உருகிய வாசனை அடிக்கும். பங்குக் கோயிலின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள். பரணில் ஏறு என்றால் ஏறுவார், கிணற்றில் இறங்கு என்றால் இறங்குவார். அதைத்தான் வீட்டில் தைரியம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை கல்யாணம். பெண் லால்குடி.

அதற்குள் குருத்தோலை ஞாயிறு ஒன்று இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. பூசைக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தென்னங்குருத்து பிடித்துப் பவனி போவோம். இளமஞ்சள் நிறம், உள்ளங்கையில் வழுவழுப்பு, முகர்ந்தால் பச்சைத் தேங்காயும் மழையும் கலந்த வாசம். அந்தக் குருத்துகளை வெட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டு முறை. தாத்தா மரம் ஏறினார், அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவின் முழங்கால் மறுத்த பிறகு சித்தப்பா. ஊரில் எத்தனையோ பேர் கோயிலுக்குப் பணம் காசு என்று கொடுத்தார்கள். எங்களுக்கு இருந்த பெருமை இந்த ஓலைதான்.

முந்தின வருடம் அந்தப் பெருமைக்காக ஏறியபோதுதான் ஒற்றைக் கதண்டு சித்தப்பாவின் கழுத்தில் கொட்டியது. இறங்கி வந்து, "ஒண்ணுமில்லண்ணே" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு தடித்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. மார்பில் சிவப்புத் திட்டுகள் தேசப்படம் மாதிரி பரவின. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடித்தது. சுண்ணாம்பு தடவினார்கள், வெங்காயம் தேய்த்தார்கள், பிறகுதான் டாக்ஸி பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி. மூன்றாம் நாள் சித்தப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். இனிமேல் கதண்டு இருக்கும் பக்கம் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். அதை யாருக்குத்தான் சொல்ல மாட்டார்கள் என்று விட்டுவிட்டோம்.

அதைவிட மோசமாக ஒன்று செய்தோம். அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தோம்.

"அம்மை போட்ட உடம்புல மறுபடி அம்மை போடுமா?" என்று அம்மா தெருவில் கேட்ட எல்லோரிடமும் சொன்னாள். "அது மாதிரிதான் இதுவும். உடம்பு விஷத்தைப் பாத்துடுச்சு. இனிமே பத்து கொட்டினாலும் தாங்கும்."

நம் காலத்துப் பெரியவர்கள். அம்மை கண்டு மீண்டவர்களின் முகத்துத் தழும்புகளோடு வாழ்ந்தவர்கள். ஒரு முறை தப்பித்தவன் எப்போதைக்கும் தப்பித்தவன் என்பது அவர்கள் கண்ணால் பார்த்த நியாயம். குற்றம் சொல்ல முடியவில்லை. பல வருடம் கழித்து, என் மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாமல் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், ஒரு சின்ன வயது டாக்டர் எனக்குப் புரிய வைத்தாள். சில உடம்புகள் விஷத்துக்குப் பழகுவதில்லையாம். அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கின்றனவாம். இரண்டாவது முறை பார்த்தால் தன் வீட்டுக்கே தீ வைத்துக்கொள்கின்றனவாம். அந்த பெஞ்சில் எனக்கு வேர்த்துக் கொட்டியது, மகளுக்காக மட்டும் இல்லை. திருச்சி ஜில்லாவிலேயே கதண்டு மரத்தில் ஏறக் கூடாத ஒரு மனிதரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவர் கையில் தீப்பந்தம் கொடுத்தோமே என்று.

அந்த வருடம் குருத்து வெட்டப் போவதாக இருந்த தோப்பு, தேன் சாருடையது. அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்தவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு, வடக்கே கொள்ளிடக் கரையில் தென்னந்தோப்பு, தோப்பில் ஆறு தேனீப் பெட்டிகள். தேன் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நெற்றியில் நாமம், அதன் மேல் கொசுவலை தைத்த தொப்பி. பெட்டிக்கு எறும்பு ஏறாமல் இருக்க நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தி வைத்திருப்பார். எங்களைப் பார்த்தால், "வாங்கோ வாங்கோ, சத்தம் போடாம வாங்கோ, குழந்தேள் வேலையா இருக்கா" என்பார். குழந்தைகள் என்றால் தேனீக்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி அப்பாவும் நானும் போனபோது சார் தொப்பி இல்லாமல் நின்றிருந்தார். முகம் செத்திருந்தது. கையால் சைகை காட்டினார்.

பெட்டியின் வாசல் பலகைக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கதண்டு அந்தரத்தில் நின்றது. முன்னும் போகாமல் பின்னும் போகாமல், ஆணி அடித்த மாதிரி. வெளியே போன தேனீ ஒன்று தொடையில் மஞ்சள் மகரந்தம் அப்பிக்கொண்டு களைத்துப் போய் வீடு திரும்பியது. பறக்கும்போதே கதண்டு அதைக் கவ்வியது. பக்கத்துக் கொய்யாக் கிளையில் ஒற்றைப் பின்னங்காலால் தொங்கிக்கொண்டு தலையை நறுக்கியது, சிறகுகளை நறுக்கியது, மிச்சத்தை உருட்டி எடுத்துக்கொண்டு மேலே போனது. அந்த இடத்துக்கு இன்னொரு கதண்டு வந்து நின்றது. கிளைக்குக் கீழே தரையில் சிறகுகள் கிடந்தன. வெங்காயச் சருகு மாதிரி, ஊதினால் பறக்கிற சிறகுகள்.

"காலங்கார்த்தால ஆரம்பிச்சா சாயரட்சை வரைக்கும் இதே கார்யம் சார்," என்றார். "ரெண்டு பெட்டி காலி. மிச்சம் நாலு. ரங்கா, ரங்கா."

கூடு மூன்றாவது வரிசைத் தென்னையில் இருந்தது. மட்டைகளுக்கு நடுவே, பரங்கிக்காய் அளவு. மரத்தை மென்று துப்பிச் செய்த காகிதம். அலை அலையாகப் பழுப்பு, சாம்பல், வெள்ளைக் கோடுகள். அழகாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வழக்கமாகக் காய் பறிக்கிறவர், "கூலியும் வேணாம் காயும் வேணாம், ஆள விடுங்க சாமி" என்று போய்விட்டார். தீயணைப்புக்காரர்களிடம் சார் மனு எழுதிக் கொடுத்திருந்தார். குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காத்திருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை எங்களுக்குக் குருத்து வேண்டும். அந்தத் தோப்பில் எந்த மரம் ஏறினாலும் கூட்டுக்குக் கல்லெறி தூரம்.

அப்பா யோசித்தார். பிறகு சொன்னார்: "என் தம்பி ஏறுவான் சார். அவனுக்குத்தான் ஏற்கெனவே கொட்டியாச்சே. கூட்டைக் கொளுத்திட்டு அப்படியே குருத்தையும் வெட்டிடுவான்."

சார் கண்கள் விரிந்தன. "ஓஹோ. கொட்டி, பொழைச்சு வந்தாச்சா? அப்போ இம்யூனிட்டி வந்திருக்கும்."

அந்த ஒரு வார்த்தை. எங்கள் அம்மாவின் அம்மைக் கணக்குக்கு சயின்ஸ் வாத்தியாரின் முத்திரை விழுந்துவிட்டது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் கேள்வியே இல்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏறுறியாடா?"

"ஏறுறேண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. துவையலைத் தொட்டு இன்னும் இரண்டு வாய் குடித்தார், கை கழுவப் போனார். பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவர், சித்தப்பாவின் கூட்டாளி, வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே கத்தினார்: "அவனுக்கு என்னண்ணே! அவன் ஒடம்புல ஓடுறது கதண்டு ரத்தம்ல!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் அதை மறுநாள் வகுப்பில் சொன்னேன். என் சித்தப்பாவின் ரத்தத்தைப் பற்றி அந்த வாரம் நான் பெருமையடிக்காத ஆளே இல்லை.

அந்தப் பெருமைதான் என்னை லால்குடியில் வாய் திறக்க வைத்தது. வாயாடியாகப் பிறந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன ஒரே தருணம் அது.

வியாழக்கிழமை. கல்யாண ரவிக்கைக்கு அளவு வாங்க அம்மா போனாள், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். பஸ் கொள்ளிடத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கூடத்தில் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் சேலைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சித்தியாகப் போகிறவர் கொல்லையில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி. புகைப்படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு. குரல் மட்டும் கனம்.

"ஒங்க சித்தப்பா என்ன பண்றாங்க?" என்றார், நெல்லைப் பார்த்துக்கொண்டே.

"சனிக்கிழமை கதண்டு கூட்டைக் கொளுத்தப் போறாங்க. மரத்துல ஏறி!"

கால் நின்றது.

"பயப்படாதீங்க. சித்தப்பாவுக்கு விஷமே ஏறாது. போன வருஷமே கொட்டிடுச்சு."

"கொட்டினப்ப வீங்குச்சா?"

"மூஞ்சி பூரா! கண்ணே தெரியல."

"மூச்சு இழுத்துச்சா?"

விசில் சத்தத்தை நான் செய்து காட்டினேன். நன்றாகவே செய்து காட்டினேன் போலிருக்கிறது. அவர் அப்படியே நெல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கி, கொள்ளிடக் கரைப் பக்கம், தேன் சார் தோப்பு என்று கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றேன்.

பிறகு எழுந்து, கால் தூசியைத் தட்டாமல் நேராகக் கூடத்துக்குப் போனார்.

"அக்கா, அவங்களை ஏற வேணாம்னு சொல்லுங்க. எங்க தாய்மாமாவுக்கு இப்படித்தான். பனை மரத்துல. மொத தடவை வீங்குச்சு. ரெண்டாவது தடவை வீங்கறதுக்கு நேரமே இல்லை. வரப்புலயே போயிட்டாரு."

அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள். "கல்யாணப் பொண்ணுக்குப் பயம் வரத்தான் செய்யும். தோப்புக்கார சயின்ஸ் வாத்தியாரே சொல்லிட்டாரும்மா."

"சும்மா இருடி," என்றாள் பெண்ணின் அம்மா. "ஓலை ரெண்டுதான் வாசிச்சிருக்கு, அதுக்குள்ள மாப்பிள்ளையை முந்தானையில முடியுறாளேன்னு சொல்லுவாங்க."

ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சாமியார் வாசிப்பது. முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண் ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டு. தாண்டினால் கல்யாணம் நிற்கும் என்பார்கள். அதனால் அவர் அன்றே ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதித் தபால் பெட்டியில் போட்டார். நீலத்தில், மூன்று மடிப்பில், நாக்கில் தடவி ஒட்டுகிற அந்தக் கடிதம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது எங்கள் வீட்டுக்குத் திங்கள்கிழமைதான் வந்தது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். இருட்டோடு இருந்தால் கதண்டு பறக்காது. அப்பா, சித்தப்பா, நான் மூவரும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். நான் குருத்து கட்ட வாழைநார் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் மூங்கில் வரவில்லை. பந்தம் கட்ட நீள மூங்கில் கொண்டுவருவதாகச் சொன்ன டிரம்காரரைக் காணோம். வெளுத்தது. காக்கை கத்தியது. வெயில் ஏறிய பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"காந்தி மார்க்கெட்லேர்ந்து இத தோள்ல வெச்சு ஓட்டிக்கிட்டு வரேன். காவிரிப் பாலத்துல நான் திரும்பினா மூங்கிலும் திரும்புது. ஒரு பஸ்காரன் எறங்கி அடிக்கவே வந்துட்டான்."

"கதண்டெல்லாம் எழுந்துடுத்தே," என்றார் சார். கூட்டின் வாயில் போக்குவரத்து தொடங்கியிருந்தது.

"பரவால்ல சார். இவனுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே," என்றார் அப்பா.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா கொடுத்தனுப்பிய கோணிச் சாக்கைப் போர்த்தினார்கள். இடுப்பிலும் மார்பிலும் கயிறு கட்டினார்கள். மூங்கில் நுனியில் பழந்துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அந்த மண்ணெண்ணெய் வாசனை, கோணியின் நெல் தூசி, தேனீப் பெட்டியின் மெழுகு மணம். மூன்றும் சேர்ந்தால் இன்றும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

தீப்பெட்டியை உரசப் போகும்போது பின்னால் குரல் கேட்டது.

"நிறுத்துங்க."

வேலியோரம் எனக்குச் சித்தியாகப் போகிறவர் நின்றிருந்தார். தனியாக. காலில் ஆற்று மணல், தோளில் ஒரு மஞ்சள் பை, மூச்சு வாங்கியது.

அப்பாவுக்குப் பேச்சு குழறியது. "என்னம்மா இது... தனியாவா? ஆறு தாண்டியா வந்தே?"

"ஆமாங்க. காலை ரயில்ல." அப்பாவுக்குப் பதில் சொன்னாலும் கண் சித்தப்பாவின் மேல் இருந்தது. "அந்தச் சாக்கைக் கழட்டுங்க."

டிரம்காரர் சும்மா இருப்பாரா. "மாப்ளே, தாலி கட்டவே இல்ல, அதுக்குள்ள கடிவாளமா?"

சித்தப்பாவின் காது மடல் சிவந்தது. மூங்கிலை இறுக்கிப் பிடித்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. சார் சொல்லியிருக்காரு."

சித்தி சார் பக்கம் திரும்பினார். கும்பிட்டார். "சார், எனக்கு உங்க படிப்பு கிடையாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தக் கதண்டு உங்க தேனீயைத் தினம் கொல்லுதே. ஒரு தேனீக்காவது பழகிப்போச்சா?"

சார் காலிப் பெட்டிகள் இரண்டையும் திரும்பிப் பார்த்தார். நாமத்துக்கு நடுவே வேர்வை இறங்கியது.

"இவங்க ஏறினா நான் அடுத்த ரயில்ல திரும்பிப் போயிடுறேன்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு எங்க சாமியார்கிட்ட சொல்லிடுறேன். தாலி கட்டாம விதவையாக எனக்கு இஷ்டம் இல்லை."

அப்போதுதான் அது வந்தது. அதே இரண்டு கட்டை கீழான சத்தம். பெட்டிகளை நோக்கிப் போன ஒரு கதண்டு வழியில் வளைந்து, என்ன நினைத்ததோ, சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்தது.

கோணியின் இழைகளில் நடந்தது. நின்று வயிற்றை ஆட்டியது. கழுத்தில் வேர்வை மினுங்கிய இடத்தை நோக்கி நடந்தது. சாக்கு முடிந்து தோல் தொடங்கும் விளிம்பில் நின்றது. மீசையால் தோலைத் தொட்டது.

"அசையாதீங்க," என்றார் சித்தி. காற்று பேசுகிற மாதிரி. "கண்ணைக் கூடச் சிமிட்டாதீங்க. வாய் வழியா மூச்சு விடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சொல் மறந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது. அப்பாவின் உதடும் அசைந்தது, சாரின் உதடும் அசைந்தது. அவர் ரங்கனைக் கூப்பிட்டிருப்பார். அன்று யார் யார் வந்தார்களோ தெரியாது. யாராக இருந்தாலும் சீக்கிரம் வரவில்லை.

பிறகு அது எழுந்தது. அவ்வளவுதான். காரணம் எதுவும் இல்லாமல் வந்தது போலவே காரணம் எதுவும் இல்லாமல் எழுந்து, பெட்டிப் பக்கம் போயிற்று. பசி அதிகமோ என்னவோ, அந்தரத்தில் நிற்காமல் நேராக வாசல் பலகையிலேயே இறங்கியது. அடுத்த கணம் பலகை முழுவதும் தேனீக்கள். பத்து, இருபது, எண்ண முடியவில்லை. கதண்டைக் காணோம். எலுமிச்சம்பழ அளவு ஒரு தேனீ உருண்டை மட்டும் பலகையில் முனகிக்கொண்டு கிடந்தது.

"பாருங்கோ, பாருங்கோ," என்றார் சார், அழுகிற குரலில். புறங்கையை உருண்டைக்கு மேலே பிடித்தார். "சுடறது! கூடிச் சேர்ந்துண்டு ஒடம்புச் சூட்டாலயே வேக வெக்கறதுகள்."

உருண்டை பிரிந்தபோது நடுவில் கதண்டு செத்துக் கிடந்தது. கூடவே சில தேனீக்களும்.

அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னும் அசையவில்லை. மூங்கில் மட்டும் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

"பாப்பா," என்றார் சித்தி என்னிடம். "அந்தக் கயித்தை அவுத்து விடு."

மார்பில் கட்டியிருந்த முடிச்சில் கை வைத்தபோது சித்தப்பாவின் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே தெரியாத நடுக்கம். பஸ் நின்ற பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. டிரம்காரர் வந்து தோளில் கை வைத்தார். முதல் முறையாக அவரிடம் வேடிக்கைப் பேச்சு இல்லை. "போதும்டா," என்றார். "ஏறிட்டு எறங்கி வந்த மாதிரியே நெனச்சுக்க."

அந்த வருடம் எங்கள் பங்குக் கோயிலில் ஈச்சங்குருத்துதான். கொள்ளிடக் கரையில் குட்டை குட்டையாக நின்ற ஈச்ச மரங்களிலிருந்து, தரையில் நின்றபடியே, அப்பாவும் சாரும் டிரம்காரரும் வெட்டிக் கட்டினார்கள். முள் குத்திப் பவனியில் பாதிப் பிள்ளைகள் விரலைச் சப்பிக்கொண்டு நடந்தார்கள். சாமியார் தன் கையிலிருந்ததை ஒரு முறை திருப்பிப் பார்த்தார், முன்னால் நடந்தார். அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறு அது யாருக்கும் ஞாபகம் இல்லை. இவ்வளவுதானா என்று அப்பா ஆச்சரியப்பட்டார். இவ்வளவுதான்.

திங்கள்கிழமை வந்த நீலக் கடிதத்தை அம்மாதான் பிரித்தாள். நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தவள் படியில் உட்கார்ந்து முடித்தாள். அன்று முழுவதும் சித்தப்பா வீட்டுக்குள் எங்கே போனாலும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், தீயணைப்புக்காரர்கள் முகமூடியும் கையுறையுமாக வந்து கூட்டை எரித்தார்கள். மரம் பிழைக்கவில்லை. நான்கு பெட்டிகள் பிழைத்தன.

கல்யாணம் நின்றுபோகவில்லை. தேன் சார் தன் வாழ்க்கையில் முதல் முறையாக மாதா கோயிலுக்குள் வந்து கடைசி வரிசையில் செருப்பில்லாமல் நின்றார். பூசை முடிந்ததும் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வாத்யார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்கோ." சித்தப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்தார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கிளாரினெட்டைக் கடிக்கப் பல் இல்லை. இன்றுவரை இன்னொரு கதண்டு அவரைக் கொட்டவில்லை, கொட்ட விட்டதில்லை சித்தி.

ஆனால் என் ஞாபகம் அவருடைய இந்த வயதிலும் அந்தக் கல்யாணத்திலும் போய் நிற்பதில்லை. அந்தச் சனிக்கிழமையில்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். மத்தியான ரயில். அப்பா டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, பார்க்காத மாதிரி தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிச் சித்தப்பா. நடுவில் நான், இரண்டு பேருக்கும் ஒரு சாக்கு. பச்சைக் கொடி அசைந்தது. ரயில் ஒரு முறை குலுங்கியது. சித்தப்பா சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"பயமா இருந்துச்சுங்க," என்றார். "அண்ணன் கேட்ட அன்னிலேர்ந்தே."

"தெரியும்," என்றார் அவர். "வீட்டுக்குப் போயி மொதல்ல தூங்குங்க."